உருளையில் நின்ற தாள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று டிசம்பர் 30. 2011-இல் தானே புயல் நம் கடலூரைப் புரட்டிய விடியற்காலையைப் பற்றி நான் இதுவரை சொல்லிவந்ததில் ஒரு பொய் இருக்கிறது.

ஓடுகள் பறந்து மழை நேராகக் கூடத்தில் இறங்கியபோது, நீங்கள் கட்டிலிலிருந்து டைப்ரைட்டரை நோக்கிக் கை நீட்டினீர்கள். நடுங்கிய அந்தக் கை எதைக் காட்டியது என்று புரியவில்லை என்றேன். புரிந்தது, அண்ணா. உருளையில் நீங்கள் டைப்ரைட்டர் குறிகளாலேயே வரைந்துகொண்டிருந்த பாடலீசுவரர் கோயில் கோபுரம் இருந்தது. நிழலுக்கு ஹேஷ் குறியும் வெளிச்சத்துக்கு அடைப்புக்குறியும் விளிம்புகளுக்கு அடிக்கோடுமாக, கலசங்களில் தொடங்கி வரிவரியாக இறங்கி, வாயிலுக்குச் சற்று மேலே வந்து நின்றிருந்தது. நான் அதைத் தாண்டிப்போய், பரணிலிருந்த என் சான்றிதழ் உறையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அதிலிருந்த பணி நியமன ஆணைதான் பிறகு வீட்டுச் செலவையும் உங்கள் மருந்தையும் பார்த்துக்கொண்டது என்று எத்தனையோ இரவுகள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். வாதம் சரிதான். ஆனால் இரண்டையும் எடுக்க எனக்கு இரண்டு கைகள் இருந்தன.

அப்போது வீட்டில் வேறு யார் என்ன சொன்னார்கள் என்பதை, உறவினரும் இதைப் படிப்பார்கள் என்பதால், எழுதவில்லை.

பெருமூளை வாதத்தோடு டைப்ரைட்டரில் படம் வரைந்த, அமெரிக்காவின் ரோஸ்பர்க் நகரத்துப் பால் ஸ்மித்தைப் பற்றி உங்களுக்குப் படித்துக்காட்டிய மாலை நினைவிருக்கிறது. இரு விசைகளைச் சேர்த்து அழுத்த இயலாததால் அவர் ஷிப்ட் விசையைப் பூட்டிவிட்டு எண் வரிசைக் குறிகளைக் கொண்டே வரைந்தார், வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டார் என்று படித்ததும், யாரும் சொல்லித்தராமலே அதையே செய்துவந்த நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு முறை படிப்பேன். அவர் ஒரு படத்துக்கு மூன்று மாதம்வரை எடுத்துக்கொண்டதைச் சொல்லி, அதன்பின் என்னை அவசரப்படவே விட்டதில்லை. அந்த மாதங்களில் எல்லாம் ரிப்பன் மாற்றியதும் தாளை நேராகச் செருகியதும் என் விரல்கள்தாம். ஒருநாளும் அதை நீங்கள் கேட்டதில்லை. புயலுக்குப் பிறகு என்னைத் திட்டியிருக்கலாம். இயந்திரத்தின் மேல் துணியைப் போர்த்தச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதன் பிறகு ஒரு வரிகூட அடிக்காமல் என்னைத் தண்டித்தீர்கள்.

தாள் கூழாகிவிட்டது என்று சொன்னதுதான் பெரிய பொய். ரிப்பன் மையில் எண்ணெய் இருப்பதால் மழையில் அது கரையவில்லை. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் அப்பாவின் பழைய வேட்டிக்குள் வைத்து, அரிசி மூட்டைக்கு அடியில் உலர்த்தினேன். முதலில் வெட்கத்தால் தரவில்லை. பிறகு, உங்கள் மேல் இருந்த கோபத்தால் தரவில்லை. மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் வருகிறேன். புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் தேடிப்பிடித்த ரிப்பனும் அந்தத் தாளும் என் பையில் இருக்கின்றன. இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விடுவதை நானே செய்கிறேன். கீழோரம் கிழிந்திருந்தாலும் வாயிலுக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன், 11 வரிகள்.

உங்கள் தங்கை