'டிரைவரின் கவனக்குறைவு' என்று எழுதிய நிருபருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரும்பு டிரெய்லர் கவிழ்ந்த செய்தியை நேற்று ஆறே வரியில் முடித்துவிட்டீர்கள். கடைசி வரி, 'டிரைவரின் கவனக்குறைவே காரணம்'. விழுப்புரம் மாவட்டத்தில் 22 வருஷம் கரும்பு வண்டி ஓட்டியவன் நான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இழுத்த எந்த டிரெய்லருக்கும் பிரேக் இருந்ததில்லை. தங்களுக்குத் தெரியாததா? டிராக்டர் இரண்டு டன் சொச்சம், பின்னால் வருவது பத்துப் பன்னிரண்டு டன். ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், பாரம் நிற்காது. பின்னாலிருந்து தள்ளி வண்டியைக் குறுக்கே மடக்கிவிடும். அதனால்தான் இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறக்குவோம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்ட என் தங்கை மகனை நடுரோட்டிலேயே அறைந்திருக்கிறேன்.

டிராக்டருக்கு இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல். வயலில் திரும்ப வசதி. ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி இழுத்துக்கொண்டு போகும். என் முதல் வண்டியில் அந்தக் கொக்கியே இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "பார்த்து மிதிப்பா" என்றார். இதில் யார் கவனம் குறைந்தது?

கூலியோ டன் கணக்கு. குறைவாக ஏற்றினால் கட்டாது. அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய் என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். அந்தப் பாரம் மில் எடைமேடையில் கிலோ சுத்தமாகப் பதிவாகிறது. அங்கே யாரும் வந்து அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை.

போன அரவைப் பருவத்தில், முன்சக்கரம் தூக்கியபடி மேடேறும் டிராக்டர் படத்துக்கு 'அந்தரத்தில் சாகசம்!' என்று தலைப்பு வைத்தீர்கள். முன்சக்கரம் தூக்கினால் ஸ்டியரிங் கேட்காது ஐயா. சர்க்கஸ் பார்த்த சந்தோஷம் உங்களுக்கு. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்கத்தை இரண்டு வரியாக்கி, 'ஒரு வாசகர்' என்று போட்டீர்கள்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு விவசாயப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: ரோடு ஏறுமுன் பிரேக் பெடல்களை இணைக்கவும், டிரெய்லரை டிராக்டரோடு மாட்டும் ஆணிக்கு லாக் போடவும், தோகை தொங்கி மறைக்காத இடத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டவும். கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(தங்கள் வழக்கப்படியே)