ரயில் வேலியோரப் பிளாக்பெரிக்குத் தூணும் கம்பியும் வேண்டும்

அன்பார்ந்த தோட்ட உறவுகளுக்கு வணக்கம்.

நமது அலொட்மென்டின், அதாவது கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்துத் துண்டு துண்டாகப் பயிரிடும் நமது தோட்ட நிலத்தின், கீழ்க்கோடியில் ரயில் வேலியை ஒட்டிக் கிடக்கும் பிளாக்பெரி முட்பற்றையை இந்தக் குளிர்காலத்தில் ஒழுங்குக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பறித்துண்ணும் பொதுப் பழவரிசையாக மாற்றுவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அதற்கு 1,200 பவுண் தேவை. நாம் கட்டும் வாடகை நேரே கவுன்சிலுக்குப் போகிறது. குழுவின் கையிருப்போ தண்ணீர்க் குழாய்களைத் திருத்தவே காணும். ஆகவே உங்களிடம் வந்திருக்கிறோம்.

முள்ளுக்கா காசு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பற்றை பிடித்திருக்கும் இடம் ஒரு முழுத் தோட்டத் துண்டு, அதாவது பழைய கணக்கில் பத்து ரொட், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அதைக் காட்டியபோது ஒருவரும் ஏற்கவில்லை. பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனார்கள். வெற்று நிலமாக்கிக் கொடுப்பதென்றால் அதற்கும் செலவு இருக்கிறது. செலவழித்து வெற்று நிலம் பெறுவதைவிட, ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் செடியை வைத்துக்கொண்டு பழத்தைப் பெறுவது மேல் என்பது குழுவின் நிலைப்பாடு. ஊரில் சூரைப்பற்றைக்குள் கையை விட்டுக் கீறல் வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காட்டுப் பிளாக்பெரி ஏன் இப்படிப் பின்னிக்கொண்டு கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், காசு எங்கே போகும் என்பதும் புரியும். இதன் வேர்க்கட்டை பல ஆண்டு உயிரோடிருக்கும். மேலே வரும் தண்டுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் கோடையில் தண்டு நீண்டு வளரும், பழம் தராது. இரண்டாம் கோடையில் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். வெட்டுவாரற்ற பற்றையில் செத்த தண்டும், காய்க்கும் தண்டும், புதுத் தண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால்தான் உள்ளே கை வைக்க முடியவில்லை. நல்ல பழம் நடுவில் இருக்கிறது. நமக்கு எட்டுவது ஓரத்தில் உள்ளது மட்டும்.

அது பரவும் விதத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கோடையின் கடைசியில், வில்லாக வளைந்து வந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்ட இடம் வெளுத்துத் தடித்திருக்கும். மெல்ல இழுத்தால் வராது. அடியில் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். அடுத்த வசந்தத்தில் அந்த இடத்தில் ஒரு தனிச் செடி நிற்கும். வேலியோரம் நின்ற பற்றை வெங்காயப் பாத்திவரை வந்தது இந்த வழியில்தான். நுனியை மண்ணில் படவிடாமல் கம்பியில் ஏற்றிக் கட்டிவிட்டால் பரவலும் நின்றுவிடும், பழமும் கைக்கு வந்துவிடும். வேலை முழுவதும் இந்த ஒரு சூத்திரத்தில் அடங்கியிருக்கிறது.

திட்டம் இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் 24 மீற்றர் நீளம். மூன்று மீற்றருக்கு ஒன்றாக வரிசைக்கு 9 தூண், மொத்தம் 18. ஒவ்வொரு தூணும் 2.4 மீற்றர், 60 சென்டிமீற்றர் மண்ணுக்குள், மிச்சம் மேலே. கோடித் தூண்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். இல்லாவிட்டால் கம்பியை இறுக்கும்போது அவை உள்நோக்கிச் சாய்ந்துவிடும். தரையிலிருந்து 90, 120, 150, 180 சென்டிமீற்றர் உயரங்களில் நான்கு கம்பி ஓடும். ஆக, கம்பி மட்டும் ஏறத்தாழ 200 மீற்றர். செடிக்குச் செடி நான்கு மீற்றர் இடைவெளி. கேட்பதற்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் காட்டுச் செடியின் தண்டு ஒரே கோடையில் அதைத் தாண்டிப் போகக்கூடியது. வரிசைக்கு ஆறு வீதம் பன்னிரண்டு செடி நமக்குப் போதும். மேற்கு மூலையில் விட்டுவைக்கும் பகுதி தவிர, மிச்சமெல்லாம் வேரோடு வெளியே போகும்.

எந்தச் செடிகள் என்பதை நாவை வைத்தே தீர்மானித்திருக்கிறோம். பிளாக்பெரி என்று ஒரே பெயரில் அழைத்தாலும், பிரித்தானியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட நுண்வகைகளைத் தாவரவியலாளர்கள் பிரித்திருக்கிறார்கள். ஒரே பற்றைக்குள்ளேயே ஒன்று விதை மட்டும் நிறைந்து புளிக்கும், பக்கத்தில் நிற்பது தேனாக இனிக்கும். ஒகஸ்டில் உறுப்பினர்கள் சுவைத்துப் பார்த்து, நல்ல செடிகளின் அடியில் பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கட்டிவைத்தார்கள். தண்டில் கட்டினால் அது செத்ததும் அடையாளமும் போய்விடும் என்பதால், வேர்க்கட்டையின் அருகே குச்சி நட்டு அதில் கட்டியிருக்கிறது. தயவுசெய்து அந்தச் சிவப்புத் துணிகளை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

முதல் வரிசை, அடையாளமிட்ட செடிகள் நிற்கும் இடத்திலேயே அமையும். செத்த தண்டுகளை வெட்டி எறிந்து, இவ்வாண்டு வளர்ந்த தண்டுகளைப் பிரித்தெடுத்துக் கம்பியில் கட்டுவோம். அவை அடுத்த கோடையிலேயே காய்க்கும். இரண்டாம் வரிசைக்கு, அதே செடிகளிலிருந்து வேர்விட்ட நுனிகளைத் தோண்டியெடுத்து, தண்டைக் குறுக வெட்டி நடுவோம். அதில் அடுத்த கோடையில் ஒரு பழமும் இருக்காது. அதற்கடுத்த கோடையில்தான் கிடைக்கும். கொடுத்த காசுக்குப் பழம் எங்கே என்று இடையில் யாரும் கேட்காதிருக்க இதை இப்போதே சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு வேலை இலகு. காய்க்கும் தண்டு செடிக்கு இடப்பக்கம், புதுத் தண்டு வலப்பக்கம். பறித்து முடிந்ததும் இடப்பக்கத்தைத் தரையோடு வெட்டிவிட வேண்டும். மறு ஆண்டு பக்கம் மாறும்.

கூட்டத்தில் எழுந்த இரண்டு மறுப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். மருந்தடித்துக் கொன்றுவிடலாம் என்பது ஒன்று. அடித்தாலும் காய்ந்த முள்ளை வெட்டி ஏற்றும் வேலை அப்படியே இருக்கும். கையில் குத்துவதில் காய்ந்த முள்ளும் பச்சை முள்ளும் ஒன்றுதான். முள்ளில்லாத ‘லொக் நெஸ்’ என்ற பிளாக்பெரி வகையை வாங்கி நடலாம் என்பது மற்றது. அது நல்ல செடி, பழமும் பெரிது, மறுக்கவில்லை. தன் துண்டில் நட விரும்புகிறவர் தாராளமாக நடட்டும். நன்றாகச் சுவைக்கும் செடி காசில்லாமல் நிற்கும்போது பொதுக்காசில் இன்னொன்று வாங்குவதுதான் நமக்குச் சரியாகப் படவில்லை. முள்ளுக்குப் பயப்படுவோர் ஒன்றைக் கவனிக்கவும்: கம்பியில் விரித்துக் கட்டிய செடியில் பழம் நம் முகத்துக்கும் இடுப்புக்கும் இடையில் தொங்கும். குனிய முடியாத பெரியவர்கள் நின்றபடியே பறிக்கலாம். இந்தத் திட்டத்துக்கு முதலில் கையுயர்த்தியவர்களும் அவர்கள்தான்.

பற்றை முழுவதையும் எடுக்கப் போவதில்லை. மேற்கு மூலையில் ஒரு பகுதி அப்படியே நிற்கும். பறவைகளும் முள்ளெலியும் எங்கே போகும்? காலக்கெடுவும் அவற்றால்தான் வருகிறது. பறவை கூடு கட்டியிருக்கும்போது அந்தக் கூட்டைச் சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மார்ச் பிறந்தால் கூடு கட்டத் தொடங்கிவிடும். ஆகவே வெட்டும் வேலை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கிப் பெப்ரவரி முடிவதற்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு முன் தூண் வந்து சேர வேண்டும், அதற்கும் முன் காசு வர வேண்டும்.

1,200 பவுணில் பெரும்பங்கு தூணுக்கும் கம்பிக்கும் போகும். அடுத்தது வெட்டிய முள்ளை ஏற்றிச் செல்லும் ஸ்கிப் என்ற பெரிய கழிவுத் தொட்டியின் வாடகை. மிச்சத்தில் நீண்ட கைப்பிடிக் கத்தரிகளும், முழங்கைவரை வரும் தடித்த தோல் கையுறைகளும் வாங்குவோம். சாதாரணத் தோட்டக் கையுறை இந்த முள்ளுக்குத் தாங்காது. கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. உழைப்பு முழுவதும் நம்முடையது. 700 பவுண்தான் சேர்ந்தது என்றால் முதல் வரிசையை மட்டும் போடுவோம். இலக்கைத் தாண்டிச் சேர்ந்தால், மிஞ்சியதை என்ன செய்வதென்று பொதுக்கூட்டமே முடிவு செய்யும்.

நாம் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. எனவே கிஃப்ட் எய்ட், அதாவது நன்கொடைக்கு மேலதிகமாக அரசு திருப்பித் தரும் வரித்தொகை, கோர முடியாது. நீங்கள் தரும் பவுண் பவுணாகவே வரும். தொகைக்குக் கீழெல்லையோ மேலெல்லையோ இல்லை. ஐந்து பவுண் தருபவர் பெயரும் நூறு பவுண் தருபவர் பெயரும் தொகை குறிக்காமல் ஒரே பட்டியலில் வரும். சனிக்கிழமை காலைகளில் கொட்டகையில் பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வங்கி வழியாகத் தருவோருக்கான விபரம் வாயில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. காசு தர வசதியில்லாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் அலவாங்கு, பிக்கான், நல்ல நிலையிலுள்ள மரத்தூண், ஒட்டுநாடா நீக்கிய பெரிய அட்டைப்பெட்டி எதுவும் உதவும். வரிசைகளுக்கு நடுவே அட்டையை விரித்து அதன்மேல் மரச்சீவல் போடப் போகிறோம்.

பழம் யாருக்கு என்ற கேள்வி கட்டாயம் வரும். விற்பனைக்கில்லை. அலொட்மென்ட் என்பது பெரும்பாலும் பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்கான நிலம் என்றே 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. பொது வரிசையில் எந்த உறுப்பினரும் பறிக்கலாம், நன்கொடை தந்தவரும் தராதவரும். ஒரு தடவைக்கு ஒரு பெட்டி மட்டும். பளபளவென்று கறுத்திருப்பதை விட்டுவிடுங்கள், அது இன்னும் புளிக்கும். மினுக்கம் மங்கி, தொட்டதும் கையோடு வருவதே பழுத்தது. கொத்தின் நுனியில் உள்ளதுதான் முதலில் பழுக்கும், அதுவே பெரியதும்கூட. செப்டெம்பர் 29க்குப் பிறகு பிளாக்பெரியைப் பிசாசு துப்பிக் கெடுத்துவிடும் என்பது ஆங்கிலேயரின் பழைய நம்பிக்கை. பிசாசைப் பற்றி நமக்குக் கருத்தில்லை. ஆனால் அந்த நேரத்துப் பழம் மழையில் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருக்கும் என்பது உண்மை. ஜாம் காய்ச்சுவோர் அதற்குள் முந்திக்கொள்ளவும்.

நன்கொடைகள் நவம்பர் 10ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். மறுநாள் தூணுக்கு ஓடர் கொடுக்கிறோம். வெட்டு வேலைக்கு வர விரும்புவோர் கொட்டகைச் சுவரிலுள்ள தாளில் பெயர் எழுதிவிடுங்கள். வரும்போது கம்பளிச் சட்டை அணிய வேண்டாம். முள் அதைப் பிடித்தால் விடாது.

தோட்டக் குழுவுக்காக,
செயலாளர், பொருளாளர்