டயட் சார்ட்டில் பாசிப்பருப்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைகள் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு குறுக்கு வழியில் இணைக்கும் பைபாஸ் இரண்டையும் படம் போட்டு விளக்கியது நன்றாகவே இருந்தது. ஆனால் ஆபரேஷன் தியேட்டரோடு கட்டுரை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கதையே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்லீவ் செய்தார்கள். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 85 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 34. கூடவே சர்க்கரை. சர்க்கரை மாதிரி நோய் இருக்கும் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 32.5 தாண்டினாலே ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். இன்ஷூரன்ஸ் விதியோ 40 கேட்கிறது. கடுமையான இணை நோய் இருந்தால்கூட 35. பணம் கிடையாது என்று கடிதம் வந்தது. "இன்னும் மூணு கிலோ ஏத்திக்கிட்டுப் போனா குடுப்பாங்களாக்கா?" என்றாள். நகைதான் பேங்குக்குப் போனது.

டிஸ்சார்ஜ் ஆகி நேராக காட்பாடிக்கு, என் வீட்டுக்கு வந்தாள். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் அளவுக்குக் குழாயாக விட்டிருந்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்த பாகத்தில்தானாம். அதனால் பசி என்ற பேச்சே இல்லை. இருமல் மருந்து மூடியில் அளந்து அளந்து பருப்புத் தண்ணீரும் வடிகட்டிய மோரும் கொடுத்தேன். ஒரு டம்ளர் இறங்க ஒரு மணி நேரம். ஒரு மிடறு கூடிவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாதம் கழித்து முதல் இட்லி. பாதி இட்லிக்கு 25 நிமிஷம், நடுவில் தண்ணீர் கூடாது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த டயட் சார்ட் முழுக்க ஆங்கிலம். ப்ராக்கோலி சூப், அவகாடோ, கிரீக் யோகர்ட். தினம் 60 கிராம் புரதம் என்பதற்கு மட்டும் அடிக்கோடு. ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம். பத்து முட்டை அந்தக் குழாயில் எப்படி இறங்கும்? பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்தேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியாக வந்ததைக் கொடுத்தேன். கிரீக் யோகர்ட் என்பது கிட்டத்தட்ட அதுதான் என்று என் மகள் சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

நாலாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போது இது வரும், பெரும்பாலும் தானே நிற்கும் என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ராத்திரி தூங்கியிருப்போம். அதைவிட மோசம், "அதான் இளைச்சாச்சே" என்று அவள் சத்து மாத்திரைகளை நிறுத்தியது. பாதம் மரத்து, நாக்கு எரிய ஆரம்பித்தபின் ரத்தம் பார்த்தால் வைட்டமின் பி12 அடிமட்டம். ஊசி போட்டுத்தான் சரியானது. சத்து மாத்திரையும் வருஷாவருஷம் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு என்பதைச் சமைப்பவளையும் பக்கத்தில் உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை.

ஆம்பூரில் ஒரு கல்யாணம். "ஒரு வாய்தாம்மா" என்று பெரியம்மா பிரியாணியை ஊட்டியே விட்டார். கறி அடைத்துக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நான் நின்றேன்.

ஆபரேஷனே வேண்டாம் என்று எழுதவில்லை. இன்று 63 கிலோ இருக்கிறாள், சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான்: நம் ஊர்ச் சமையல் தெரிந்த உணவியல் நிபுணர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். கேழ்வரகுக் கஞ்சி எத்தனையாவது வாரம், வேலூர் முள்ளுக்கத்திரிக்காய் எத்தனையாவது மாதம், பைபாஸ் செய்தவர் ஆற்காடு மக்கன் பேடா மாதிரி இனிப்பைத் தின்றால் ஏன் படபடத்து வேர்க்கிறது, இதெல்லாம் அதில் வரட்டும். தமிழில் இருந்தால் வெட்டி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி.