மதிப்பெண்ணைத் திரையில் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் அளிக்கும் தீர்ப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 2006-இல் விஜய் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் தொடங்கிய காலத்திலிருந்தே இத்தகைய போட்டிகளைப் பார்த்து வருகிறேன். நடுவர்களின் இசை ஞானத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் காரணம் சொல்லாததுதான் வருத்தம். ‘அருமை’, ‘மெய்சிலிர்த்துவிட்டது’ என்று எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். சரணத்தில் சுருதி எங்கே விலகியது, எந்தச் சொல்லில் ழகரம் லகரமானது என்று எடுத்துச் சொல்பவர்கள் மிகச் சிலர். வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஏன் என்று தெரிவதில்லை.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஓர் உள்ளூர்ப் போட்டியில் என் மாணவிக்கு, ஆண் குரலுக்கு அமைந்த சுருதியிலேயே கரோக்கி இசையை ஒலிக்கவிட்டார்கள். ஐந்தரைக் கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடுபவள், பல்லவியின் கீழ்ஸ்வரங்களில் குரல் எழாமல் வெறும் காற்றாக முடித்தாள். ‘பயிற்சி போதாது’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து வயதுக் குழந்தை. அதன்பின் பல வாரங்கள் வகுப்பில் வாய் திறக்கவே மறுத்தாள். சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் அளித்து, அதைப் பாட்டு முடிந்தவுடன் திரையில் காட்ட வேண்டும். இறுதிச் சுற்றில் நேயர்களின் வாக்குகளை அதனுடன் கலக்காமல் தனியாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்