21, 14, பூஜ்யம்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு டெலிவரி தொழிலாளியின் திறந்த மடல்

தமிழ்நாடு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கு,

வணக்கம். ஆறு வருடமாகச் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம். எங்கள் கூலியையும் விதிகளையும் மாற்றுவதற்கு முன்பே கம்பெனி எங்களிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தொடங்கும்போது ஆப்பில் லாகின் செய்தேன். திரை முழுக்க ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான். 'மாட்டேன்' என்பதற்குப் பொத்தானே இல்லை. அமுக்கினால்தான் ஆர்டர் வரும். அமுக்கினேன். ஓட்டல் வாசலில் என்னுடன் நின்ற நாலு பேரும் அமுக்கினார்கள்.

எதற்குத் தலையாட்டினோம் என்பது ஞாயிறு இரவு கணக்குப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஓட்டல் வரை போகும் தூரத்துக்கான காசு குறைந்திருந்தது. இரண்டு ஆர்டரைச் சேர்த்துத் தந்தால் இரண்டாவதற்குப் பாதிதான். இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை வேண்டுமென்றால் ராத்திரி ஏழு முதல் பதினொன்று வரை லாகினிலேயே இருக்க வேண்டும். நடுவில் ஒன்றை மறுத்தாலும் அன்றைய இன்சென்டிவ் போச்சு. பழைய இன்சென்டிவை நம்பித்தான் வண்டிக்குத் தவணை போட்டிருந்தேன். தவணைத் தேதி மட்டும் மாறவில்லை.

நாங்கள் ஆர்டருக்காக நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. விலை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே, 'ஒண்ணாம் தேதியிலிருந்து டீ 15 ரூபாய்' என்று அண்ணன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். டீ குடிப்பவனுக்குக் கிடைத்த அந்த ஒரு வாரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கம்பெனி எங்களைப் 'பார்ட்னர்' என்கிறது. சுயதொழில் செய்கிறோமாம். சரி. எங்கள் தெரு தச்சரும் சுயதொழில்தான், கூலியை அவர்தான் சொல்வார். எங்கள் கூலியை நாங்கள் சொல்வதில்லை. பார்ட்னர் என்றே வைத்துக்கொண்டாலும், கூட்டு வியாபாரப் பத்திரத்தை ஒருவர் மட்டும் உட்கார்ந்து திருத்தி எழுத முடியுமா?

உங்கள் துறைக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆலைத் தொழிலாளியின் கூலியையோ வேலை நேரத்தையோ மாற்ற நினைக்கும் முதலாளி 21 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கர்நாடகம் 2025-ல் எங்களைப் போல ஆப் வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தை மாற்றுவதென்றால் 14 நாள் முன்பே சொல்ல வேண்டும், பிடிக்காதவர் ஏற்கெனவே சேர்ந்த பலனை இழக்காமல் விலகலாம், ஐடியை, அதாவது ஆப்பில் தொழிலாளியின் கணக்கை முடக்குவதென்றால் எழுத்தில் காரணம் தர வேண்டும் என்கிறது அது. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் 14 நாள். ஓசூருக்கு இந்தப் பக்கம் பூஜ்யம். ஆப் ஒன்றுதான், முதுகில் தொங்கும் பையும் ஒன்றுதான்.

மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததே என்பீர்கள். அது எங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, நல்ல விஷயம். கம்பெனிகள் வருடாந்தர விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அது காப்பீடு, ஓய்வுக்கால உதவி பற்றிய பேச்சு. நேற்று 40 ரூபாயாக இருந்தது இன்று ஏன் 30 என்று கேட்க அதில் வழியில்லை.

நீங்கள் செய்ததையும் மறக்கவில்லை. 2023-ல் எங்களுக்கென நல வாரியம் அமைத்தீர்கள். அண்ணா நகரில் மாநகராட்சியின் ஏசி ஓய்வறையும் வந்தது. மே மாத வெயிலில் அதன் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போதும் போனில் அதே பொத்தான்தான் வரும்.

தினமும் மாறும் மழைக் காசு, பண்டிகைக் காசு பற்றி நான் பேசவில்லை. அது மாறும் என்று தெரிந்துதான் ஓட்டுகிறோம். அடிப்படை ரேட், இன்சென்டிவ் விதி, ஐடி முடக்கம், இந்த மூன்றைத்தான் சொல்கிறேன். எல்லோரையும் மாதச் சம்பளத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. அது எங்களுக்குள்ளேயே தீராத சண்டை. முன்கூட்டிச் சொன்னால் வேறு ஆப்புக்கு மாறலாமா, காலையில் வேறு வேலை பார்க்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். அப்புறம், அந்தப் பொடி எழுத்து தமிழில் இருக்கட்டும்.

இதைச் சட்டமாக எழுதித் தாருங்கள். 14 நாள் என்று எழுதினால் நன்றி. 21 என்று எழுதினால் டீ என் செலவு, பழைய விலையாக இருந்தாலும் சரி, புது விலையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
வேளச்சேரி பக்கம் வண்டி ஓட்டும் ஒருவன்
(பெயர் போட்டால் ஐடி போய்விடும்)