கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

பெருநகரங்களின் இரவு வாழ்க்கையை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வழிகாட்டி எழுதுபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டியல்களை நம்பி ஊர் சுற்றுபவன் நான். எங்கே உட்கார்ந்து ஜாஸ் கேட்கலாம், எங்கே விடிய விடிய ஆடலாம், எங்கே சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கலாம் என்று நீங்கள் பிரித்துக் கொடுப்பது பெரிய உதவி. அதில் குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு வரி கேட்கிறேன். ஒவ்வொரு ஏரியாவுக்கும் கீழே, அங்கிருந்து கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதை விட்டால் என்ன வழி என்று எழுதிவிடுங்கள்.

போன மாதம் நானும் தங்கையும் ஒரு பெருநகரத்துக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பு ஊர் மேல் இல்லை. ஒரே இரவில் மூன்று ஏரியா பார்த்துவிடலாம் என்று வழிகாட்டியில் இருந்தது. முதல் இரண்டும் சொன்னபடியே இருந்தன. மூன்றாவது, நள்ளிரவுக்கு மேல்தான் களை கட்டும் என்று போட்டிருந்தது. கட்டவும் செய்தது. பன்னிரண்டரைக்கு வெளியே வந்து ஸ்டேஷன் படியில் இறங்கினால், பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒருவர் வெளியே வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். மொழி தெரியாவிட்டாலும் அது புரிந்தது.

டாக்சிக்கு நின்ற வரிசை தெருமுனையில் வளைந்து போயிருந்தது. சரி, அலைச்சல் இல்லாத பயணம் ஏது. ஆனால் தங்கைக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. ஸ்டேஷன் கழிப்பறை ஷட்டருக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. பக்கத்து ஹோட்டலில், தங்குபவர்களுக்கு மட்டும் என்றார்கள். நாங்கள் கிளம்பி வந்த கிளப்பிலேயே மறுபடி நுழையப் புது டிக்கெட் கேட்டார்கள். எடுத்தாள். வேறென்ன செய்வாள்? மணிக்கட்டில் பழைய முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. மறுநாள் முழுக்க அந்த நீல மையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் ரயில் ஐந்து மணிக்கு. அதுவரை அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தோம், அவள் என்னோடு பேசவில்லை.

நாங்களே விசாரித்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்கலாம்தான். ஆனால் இது ஊருக்கு ஊர் மாறுகிற சங்கதி. நியூயார்க்கில் சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடும். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றால் மறுபடி அதிகாலையில்தான். பெர்லினில் வார இறுதி என்றால் விடிய விடிய சுரங்க ரயில், மற்ற நாளில் இரவுப் பேருந்து.

ஒரே ஊருக்குள்ளும் ஏரியாவுக்கு ஏரியா மாறுகிறது. லண்டனில் 2016-இல் இரவு ரயில் விட ஆரம்பித்தார்கள், வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் சில தடங்களில். அதில் நார்தர்ன் தடமும் உண்டு. அதை நம்பிக் கேம்டன் டவுனில் ராத்திரி எத்தனை மணிக்கும் ரயில் ஏறலாம். அதே தடத்தின் இன்னொரு கிளையில், ஷோர்டிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓல்ட் ஸ்ட்ரீட்டில் ஏற முடியாது, அந்தக் கிளைக்கு இரவு ரயில் கிடையாது. இதை எழுதத்தானே ஏரியாவாரியாகப் பிரிப்பது? மதுக்கடை விளக்கு என்ன நிறம் என்று மட்டும் நான்கு வரி எழுதுகிறீர்கள்.

அப்புறம், "வெள்ளி இரவு 1 மணி வரை" என்று போடுகிறீர்களே, அது எந்தக் கிழமை? ஜப்பானில் பல இடங்களில் நள்ளிரவுக்குப் பிந்தைய ஒரு மணியை 25 மணி என்றே எழுதி வைப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் யாரும் நாள் தவறிப் போய் நிற்க மாட்டார்கள். நீங்களோ எல்லா ஊருக்கும் "தூங்கா நகரம்" என்று ஒரே பட்டத்தைச் சூட்டிவிடுகிறீர்கள். ஊர் தூங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாங்களும்தான் தூங்கவில்லை, ஸ்டேஷன் படியில். எழுதியவர் அந்தப் படியில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பாரா? ஒருவேளை அவர் பகலில் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தவரோ என்னவோ.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்ததைத் தன்மையாகவே கேட்கிறேன். அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு ஏரியாவுக்கும் கடைசி ரயில் நேரத்தைப் போடுங்கள், சாதாரண நாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று. அதற்குப் பிறகு இரவுப் பேருந்து எங்கே நிற்கும் என்பதையும் சேருங்கள். இடம் இருந்தால், ராத்திரியில் திறந்திருக்கும் கழிப்பறை ஒன்றையும் குறிப்பிடுங்கள். இந்தக் கடைசி வரி தங்கை சேர்க்கச் சொன்னது.

இப்படிக்கு,
மூன்றாவது ஏரியாவில் ரயிலை விட்டவன்