கயலுக்கு, மழை விடாத கார்த்திகையில்

அன்புள்ள கயல்,

உன் பேச்சுப் பயிற்சி வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நீ கேட்டதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் பதில் தட்டி மாளாது, அதனால் கடிதம். நீயும் இப்போதெல்லாம் தட்டித்தான் அனுப்புகிறாய். வாய்ஸ் மெசேஜே வருவதில்லை. சரி, வேலை இருக்கும்.

ஆடியில் நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது பின்வாங்கினால் உன் பயிற்சியைக் குறை சொல்லாதே, காதைப் பார். சளி பிடித்தால் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது என்பதால் வீட்டில் தெரியாது. மெல்லிய ஒலிகள் மட்டும் நழுவும், சொல்லின் கடைசி எழுத்து தேய்ந்து விழும். டீச்சர் 'கவனமில்லை' என்பார். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். வற்றாவிட்டால் இ.என்.டி. அதுவரை முன் பெஞ்சு.

காது மெஷின் போட்ட பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் சொல்லி, கேட்டதும் கை தூக்குகிறார்களா பார். வாயை மறைத்துக்கொள், வரிசையை மாற்று, இடைவெளியையும் மாற்று. இல்லாவிட்டால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கை தூக்கிவிடுவார்கள். நேற்றுவரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லையென்றால் மோல்டு, அதுதான் காதுக்குள் பொருத்துகிற அச்சு, அதன் டியூபில் ஈரம் நிற்கிறதா பார். மோல்டைக் கழற்றி ப்ளோயரால் ஊது. வாயால் ஊதாதே, அதுவே ஈரம். ராத்திரி பேட்டரியை எடுத்துவிட்டு மெஷினை சிலிகா ஜெல் டப்பாவில் வைக்கச் சொல். நீல மணி ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப்பட வைக்க வேண்டும். விசில் அடித்தால் மோல்டு சிறுத்துவிட்டது, காது வளர்ந்திருக்கும். அது ஜூனில்தான் நிறைய வரும்.

தண்ணீர் குடிக்கிறாயா?

காக்காவைத் 'தாத்தா' என்கிற பையனுக்கு ஐஸ் குச்சியால் நாக்கு நுனியைக் கீழே லேசாக அழுத்திப் பிடி, பின்நாக்கு தானாக எழும்பும். முதலில் 'அக்', பிறகு 'கா'. பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகுதான் முழுச் சொல். அதற்காக நீ கத்திக் காட்ட வேண்டியதில்லை. தகரக் கூரையில் மழை விழும்போது பேச்சுப் பயிற்சியே வேண்டாம். சத்தத்துக்கு மேலே குரல் தன்னால் ஏறும், நமக்கே தெரியாது. அந்த நேரத்தில் படம் அடுக்கும் வேலையை வைத்துக்கொள்.

நீ தயாரித்த வீட்டுப் பயிற்சித் தாள்களைச் சித்தி காட்டினாள். பக்கத்துக்கு ஐந்தே சொல், அம்மாக்கள் வீட்டிலேயே செய்கிற மாதிரி. என் மகள் என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அப்படிப்பட்டவள் தீபாவளிக்கு வந்து எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனால் எப்படி? மாமா கேட்டதற்குக்கூடக் கிசுகிசுத்தாய். கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வாகாது, உனக்கு நான் சொல்ல வேண்டுமா. செருமவும் செருமாதே, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கு. வகுப்புக்கு இடுப்பில் கட்டுகிற சின்ன மைக் வாங்கிக்கொள்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் குரல்நாணைப் பார்த்துவிட வேண்டும் என்று ஊரிலுள்ள டீச்சர்களுக்கெல்லாம் சொல்கிறவள் நீ. தீபாவளி முடிந்து எத்தனை வாரம் ஆச்சு?

மாயவரத்தில் இ.என்.டி. டாக்டரிடம் சனிக்கிழமை டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிடுகிறதாம். அப்பா போய்ப் போட்டு வைக்கிறேன் என்கிறார். எந்தச் சனி தோதுப்படும் என்று அவருக்குச் சொல்.

அம்மா